எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் ஒரு பிறந்தநாள்

போன மாதம் என் அத்தானுக்கு ஐம்பது வயது நிறைந்தது. சின்ன வயதில் பள்ளி விட்டதும் வீட்டுக்கு வராமல் வீடியோ கேம் கடையில் காசைக் கரைத்துவிட்டு, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்ட வீரர் அவர். அதனால் விழாவையே அந்தக் காலத்து ஆர்கேட் மாதிரி வைக்க வேண்டும் என்று அக்கா முடிவு செய்துவிட்டாள். புளோக்குக்குக் கீழே, சுவரில்லாத தரைத்தளமான வாய்ட் டெக்கில், ஞாயிற்றுக்கிழமை மதியம். அழைப்பிதழும் பதாகையும் என் பொறுப்பு. எக்செல் திறக்கத் தெரிந்தவனை எங்கள் குடும்பத்தில் டிசைனர் என்பார்கள்.

எழுத்துரு தேடினேன். 1980இல் வந்த பாக்மேன் மாதிரியான ஆட்டங்களில் ஒவ்வோர் எழுத்தும் எட்டுக்கு எட்டுக் கட்டத்துக்குள் அடங்கியாக வேண்டும். அந்த இயந்திரங்களின் நினைவகத்துக்கு அதுவே ஆடம்பரம். இருப்பது 64 கட்டம். எதை நிரப்புவது, எதை விடுவது என்பதுதான் மொத்தக் கலையும். பாக்மேனைச் செய்த நாம்கோ நிறுவனத்தின் எண்பதுகளின் ஆட்டங்களில் இருந்த எழுத்தைப் பார்த்துச் செய்த 'பிரஸ் ஸ்டார்ட் 2பி' என்ற எழுத்துரு இலவசமாகவே கிடைக்கிறது. தடித்தடியாக, செங்கல் அடுக்கியது போல. பார்த்ததும் மயங்கிவிட்டேன். தலைப்பு, தேதி, விலாசம் எல்லாவற்றையும் அதிலேயே போட்டேன்.

முதல் இடி தமிழில் விழுந்தது. 'ஐம்பது' என்று அடித்தால் திரையில் நான்கைந்து வெற்றுக் கட்டங்கள். எழுத்துருவில் இல்லாத எழுத்துக்கு வரும் இந்தக் கட்டத்துக்கு அந்தத் துறையில் 'டோஃபு' என்று பெயர். சோயாவில் செய்யும் அந்த வெள்ளைக் கட்டியை நம் ஊரில் பொரித்துச் சாப்பிட்டிருக்கிறேன், பதாகையில் பார்த்ததில்லை. அம்மாவிடம் காட்டி அலுத்துக்கொண்டேன்.

"நல்லாத்தானே இருக்கு, கட்டம் கட்டமா. நீ சொன்ன டிசைன் இதுதானே?"

விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு உள்ளே போய், அலமாரியின் அடியிலிருந்து பழைய மேட்டித் துணி ஒன்றை எடுத்து வந்தார். கல்யாணத்துக்கு முன்பு அவர் போட்ட கிராஸ் ஸ்டிச்: சிவப்பு நூலில் 'நல்வரவு'. நான் பிறந்ததிலிருந்து பார்த்த துணிதான். அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். அசல் பிக்ஸல் எழுத்து! அதிலும் 'ல்' புள்ளிக்கு மேலே ஒரு வரிசை, 'வு' வாலுக்குக் கீழே மூன்று வரிசை என்று இடம் விட்டிருந்தார். எட்டுக் கட்டத்தில் தமிழ் அடங்காது என்பது அம்மாவுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. எண்ணிப் பார்த்தோம், உயரம் 14 கட்டம்.

அப்புறம் கட்டத்தாளும் பென்சிலுமாக உட்கார்ந்துவிட்டார். 'ம்', 'ப', 'து' மூன்றும் ஒரே மாலையில் முடிந்தன. 'ஐ' மட்டும் மூன்று நாள் எடுத்தது. முதல் 'ஐ' யானை மாதிரி இருந்தது, இரண்டாவது குழாயடியில் குந்திய கிழவி மாதிரி. கடைசியில் வந்தது நிஜமாகவே அழகு. பதாகையில் அதைப் பெரிதாகப் போட்டோம். அத்தான் அதன் முன்னால் நின்று எடுத்த படத்தைத்தான் இன்றைக்கும் முகப்புப் படமாக வைத்திருக்கிறார்.

சரி, பதாகை தப்பித்தது. அழைப்பிதழ் தப்பவில்லை.

இந்த வகை எழுத்து தலைப்புக்கென்றே பிறந்தது. 'கேம் ஓவர்' என்று கத்தச் சொன்னால் அருமையாகக் கத்தும். விலாசம் சொல்லச் சொன்னால் அதையும் கத்தும், ஒன்றும் விளங்காது. ஒல்லியான ஆங்கில ஐக்கும் குண்டு எம்முக்கும் ஒரே அகலம் என்பதால் வரி நீண்டுகொண்டே போகிறது. இடம் போதாமல் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டை நானே வெட்டிவிட்டேன். எட்டின் மடங்கில் அளவு வைத்தால்தான் திரையில் விளிம்பு கூர்மையாக நிற்கும். நான் கண்ணளவில் வைத்தேன். அதைப் படமாக்கிக் குடும்பக் குழுவில் அனுப்ப, சுருங்கி, இருந்த கொஞ்சம் கூர்மையும் மழுங்கியது.

அக்கா வீடு புளோக் 18பி. அந்தக் கட்ட எழுத்தில் ஆங்கில பிக்கும் எட்டுக்கும் இடப்பக்க மூலையில் ஒன்றிரண்டு கட்டம்தான் வித்தியாசம். அதே சாலையில் புளோக் 188ம் உண்டு.

மணி ஒன்றாகியும் பெரியப்பாவைக் காணோம். கைப்பேசியையும் எடுக்கவில்லை. இரண்டு மணிக்கு வேர்த்து விறுவிறுத்து வந்தார், கையில் காகிதப் பூ கட்டிய அவித்த முட்டை.

188இன் கீழே அன்றைக்கு மலாய்க் கல்யாணம். கொம்பாங் மேளம், பந்தல், பிரியாணி வாசம். அத்தான் இவ்வளவு தடபுடலாகச் செய்வார் என்று எதிர்பார்க்கவில்லையாம். தயங்கி நின்றவரை வாசலில் இருந்தவர் "மக்கான், மக்கான்" (சாப்பிடுங்கள்) என்று கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். பெரியப்பாவுக்கும் மலாய் சரளம். இரண்டு தட்டு முடிந்த பிறகுதான் மேடையில் மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்திருக்கிறார்.

"சாப்பிட்டாச்சு, சும்மா வர முடியுமா? கவரைக் கையில கொடுத்துட்டு வந்தேன்."

அக்காவின் முகம் மாறியது. "கவர் மேல இவர் பேரு எழுதியிருந்துச்சா பெரியப்பா?"

"பேரும் எழுதி, 'ஐம்பதாம் பிறந்தநாள் வாழ்த்து'ன்னும் எழுதியிருந்தேன்."

அம்மா நிமிரவே இல்லை, கேக்கை வெட்டிக்கொண்டே சொன்னார்: "தமிழ்லதானே? விடுங்க, அவங்களுக்குக் கட்டம் கட்டமாத்தான் தெரிஞ்சிருக்கும்."