கான்சாஸ் சோளத்தால் நாட்டுக்கு என்ன லாபம்?

ஒருவழியாக ஐ-140 (அமெரிக்க கிரீன் கார்டுக்கு முன்படியான மனு) அப்ரூவ் ஆகிவிட்டது. சந்தோஷம்தான், ஆனால் வக்கீல் ஆபீஸ் மேல் இருக்கும் கடுப்பு இன்னும் தணியவில்லை. பயிர், பூச்சி, மண் என்று ஆராய்ச்சி செய்துகொண்டு இபி-2 என்ஐடபிள்யூ (என் வேலை நாட்டுக்கு நல்லது, அதனால் கம்பெனி ஸ்பான்சர் இல்லாமலே கொடுங்கள் என்று கேட்கும் வழி) போட நினைப்பவர்கள் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் அடி செக்கில் விழுந்தது. 2024 ஏப்ரலில் கட்டணம் மாறியது. மனுவுக்கு 715 டாலர், கூடவே தஞ்சம் கேட்பவர்களுக்கான திட்டத்துக்கென வாங்கும் அசைலம் புரோகிராம் கட்டணம். தானே மனு போடுபவருக்கு அது 300. இரண்டையும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். ஆபீஸில் 1,015க்கு ஒரே செக்காகப் போட்டு அனுப்பிவிட்டார்கள். மொத்தக் கட்டும் திரும்பி வந்தது. "இதெல்லாம் சகஜம், மறுபடி அனுப்பலாம்" என்றார் அங்கிருந்த உதவியாளர். அவருக்கென்ன! திருப்பி அனுப்பிய மனுவுக்குப் பிரயாரிட்டி டேட் கிடையாது. இந்தியாவில் பிறந்தவனுக்கு வரிசையில் துண்டு போட்டு வைப்பதே அந்தத் தேதிதான். (இப்போது காகித செக்கே வாங்குவதில்லை. கார்டு என்றால் ஜி-1450 படிவம், வங்கிக் கணக்கு என்றால் ஜி-1650 படிவம்.)

இன்னொன்று. லேபர் சர்டிபிகேஷனிலிருந்து (இந்த வேலைக்கு அமெரிக்கர் கிடைக்கவில்லை என்ற தொழிலாளர் துறைச் சான்று) விலக்குக் கேட்கிறோமே, அதற்கான 9089 படிவம் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். அதன் அப்பெண்டிக்ஸ் ஏ-வும், கையெழுத்துப் போட்ட ஃபைனல் டிடர்மினேஷன் பக்கமும் என்ஐடபிள்யூவுக்கும் வேண்டும்.

பிஎச்டி இங்கேயே முடித்ததால் படிப்புச் சான்றில் சிக்கலே இல்லை. சிபாரிசுக் கடிதங்களில்தான் கூத்து. ஆபீஸில் எழுதித் தந்த வரைவை, கோவை வேளாண் பல்கலையில் எனக்கு சீனியராக இருந்த அண்ணன் ஒருவருக்கு அனுப்பினேன். உடனே போன். "டேய், நீ எப்போடா கோதுமைத் துரு நோய்க்குப் போனே?" வேறு யாருக்கோ எழுதிய பத்தி அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. நான் சோளத்தில் கரும்பு அசுவினி என்ற சாறுறிஞ்சும் பூச்சியைப் பார்க்கிறவன். நல்லவேளை, பேராசிரியர்கள் கையெழுத்துப் போடும் முன் பிடித்துவிட்டோம். அன்றிலிருந்து எல்லாக் கடிதத்தையும் நானே எழுத ஆரம்பித்தேன்.

சீக்கிரம் பார்க்கச் சொல்லிக் கூடுதலாகப் பிரீமியமும் கட்டியிருந்தேன். அதில் 45 வேலை நாளுக்குள் ஏதாவது பதில் வரும். வந்தது ஆர்எஃப்இ, அதாவது கூடுதல் ஆதாரம் கேட்கும் கடிதம். சோளம் முக்கியமான பயிர்தான், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நீங்கள் செய்யப்போகும் வேலையின் பலன் கான்சாஸ் விவசாயிகளைத் தாண்டி எங்கே போகிறது என்று கேட்டிருந்தார்கள்.

கோபம் வந்தது, ஆனால் கேள்வியில் நியாயம் இருந்தது. என்ஐடபிள்யூவுக்கு அடிப்படை 2016இல் வந்த தனசார் தீர்ப்பு. அதில் மனுதாரரின் விமான-விண்வெளி ஆராய்ச்சிக்குத் தேசிய முக்கியத்துவம் உண்டு என்றார்கள். அவர் பாடம் நடத்துவதற்கு அது இல்லை என்றார்கள். எங்கள் மனுவில் முதல் பக்கத்திலேயே என்ன இருந்தது தெரியுமா? வயல் நாள் கூட்டங்கள், விவசாயிகளுக்குப் பயிற்சி, உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த என் போட்டோ. மனுவை அடுக்கிய ஆபீஸுக்கு அதெல்லாம் பார்க்க நன்றாக இருந்திருக்கிறது. படித்த அதிகாரிக்கு அது வகுப்பறையாகத்தான் தெரியும்.

பதிலில் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டோம். இந்தக் கரும்பு அசுவினி சோளத்தில் பெரிய தொல்லையாகத் தலைகாட்டியது 2013இல், டெக்சாஸில். அங்கிருந்து ஒவ்வொரு கோடையிலும் தென்காற்றோடு வடக்கே ஏறி கான்சாஸுக்கு வருகிறது. அது விடும் தேன் கழிவு கதிரில் ஒட்டி அறுவடை மிஷினையே அடைத்துவிடும். எத்தனை பூச்சி வந்தால் மருந்து அடிக்கலாம் என்ற கணக்கும், எதிர்ப்புத் திறன் உள்ள ரகமும் அதன் வழியில் இருக்கிற எல்லா மாநிலத்துக்கும் பொது. நாட்டின் சோளத்தில் பாதியளவு கான்சாஸில் விளைகிறது என்ற வேளாண் துறைப் புள்ளிவிவரத்தைச் சேர்த்தேன். எட்டு மாநிலங்களுக்கு அடியில் கிடக்கும் ஒகல்லாலா நிலத்தடி நீர் வற்றிவருவதையும், மக்காச்சோளத்தைவிடச் சோளம் குறைந்த தண்ணீரில் வளர்வதையும் வைத்தேன். எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் வேறு: 2014இல் இந்தப் பூச்சிக்காக ஒரு மருந்துக்கு இபிஏ (சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு) கொடுத்த அவசர அனுமதி. மத்திய அரசே அவசரம் என்று எழுதிக் கொடுத்த தாளுக்கு முன்னால் பேராசிரியர் புகழுரை எம்மாத்திரம்?

ஆர்எஃப்இக்கு அதிகபட்சம் 84 நாள், தபாலில் வந்தால் மேலே 3. நீட்டிப்புக் கிடையாது. "இருப்பதை அனுப்பிவிடுவோம், மீதி அப்புறம்" என்று ஆபீஸில் சொன்னால் கேட்காதீர்கள். எல்லாம் ஒரே தடவையில் போக வேண்டும், பாதி அனுப்பினால் அதை வைத்தே முடிவு எழுதிவிடுவார்கள். பதில் போய்ச் சேர்ந்ததும் பிரீமியத்தின் 45 வேலை நாள் மறுபடி முதலிலிருந்து ஓடும்.

அப்ரூவல் என்றதும் கிரீன் கார்டே கிடைத்துவிட்டதாக ஊரில் அம்மா எல்லாரிடமும் சொல்லிவிட்டார். இந்தியர்களுக்கான இபி-2 வரிசை பத்து வருடத்துக்கும் மேல் பின்னால் நிற்கிறது என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது! இப்போதைக்குக் கையில் வந்தது, ஆறு வருடம் தாண்டியும் எச்-1பியை மூன்று மூன்று வருடமாக நீட்டிக்கொள்ளும் வசதி. வேலை மாறினாலும் பிரயாரிட்டி டேட் என்னுடையதுதான்.

ஜே-1 பரிமாற்ற விசாவில் போஸ்ட்டாக்காக (பிஎச்டிக்குப் பிந்தைய ஆராய்ச்சிக்கு) வந்தவர்கள் அதற்கான டிஎஸ்-2019 படிவத்தையும் விசாத் தாளையும் எடுத்து, இரண்டு வருடம் ஊர் திரும்பும் நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் ஐ-140 போடத் தடையில்லை, கடைசியில் கிரீன் கார்டுக்கான ஐ-485 போடும்போது மாட்டிக்கொள்ளும். விலக்கு வாங்கும் வேலையை இப்போதே ஆரம்பித்துவிடுங்கள்.