ஏழு கிலோவுக்குள் சிங்கப்பூர்

தங்கையைப் பார்க்க சிங்கப்பூர் போகிறேன். மலிவாகக் கிடைத்த டிக்கெட்டில் கையோடு கொண்டுபோகும் பை மட்டும்தான், 7 கிலோ. காட்பாடியில் ரயிலேறி திருப்பதி போவதற்கே இரண்டு பெட்டி தூக்குகிற ஆள் நான்!

லாங் பஜாரில் ஒரு கொக்கித் தராசு வாங்கி வந்து தொங்கவிட்டுப் பார்த்தால், சக்கரம் வைத்த காலிப் பெட்டியே 3 கிலோவைத் தொடுகிறது. சரி என்று முதுகுப்பைக்கு மாறிவிட்டேன். ஜீன்ஸும் ஷூவும் உடம்போடு வரும், எடை போட மாட்டார்கள். ஸ்வெட்டர் வேண்டாம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர் அது. வேலூர்க்காரனுக்கு அதெல்லாம் ஒரு சூடா? குடை மட்டும் கட்டாயம், அங்கே வருடம் முழுக்க மழை.

அம்மாவைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. "ஊறுகாய் வேணாம்மா" என்றால், "சின்ன பாட்டில்தான்டா, தங்கச்சி கேட்டாளே" என்கிறார். திரவமோ குழைவானதோ 100 மில்லிக்கு மேல் இருந்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள். ஜீராவில் ஊறிய ஆற்காடு மக்கன் பேடாவுக்கும் அதே கதி. கொப்பரையும் கூடாது. பவர் பேங்க் மட்டும் நேர்மாறு, அது கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

இப்போது தராசு 6.4 காட்டுகிறது. மீதி 600 கிராமுக்கு முறுக்கா, இன்னொரு சட்டையா என்று வீட்டில் பஞ்சாயத்து ஓடுகிறது. முறுக்குக்கே ஓட்டு அதிகம்.