தாய் செல் எந்த வீட்டில் இருக்கும்?

மூன்று நாளாக எங்கள் அடுக்களை ஜன்னலில் ஒரு பல்லாரி உட்கார்ந்திருந்தது. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், பெரிய வெங்காயத்துக்குத் திருநெல்வேலிப் பக்கம் அதுதான் பெயர். கண்ணாடித் தம்ளர் நிறையத் தண்ணீர், அதன் வாயில் பல்லாரி, உள்ளே விழாமலிருக்க இரண்டு பக்கமும் விளக்குமாற்று ஈர்க்குச்சி. அடியில் வெள்ளை வேர் சாமியார் தாடி மாதிரி இறங்கியிருந்தது.

வைத்தது அண்ணன் மகள். பதினொன்றாம் வகுப்பு. வேர் நுனியை நறுக்கி, அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கி, செல் பிரிவதை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டுமாம். அவர்கள் பக்கத்து அடுக்களையில் ஜன்னல் கிடையாது. போன சித்திரையில் பாகம் பிரித்தபோது ஜன்னல் என் பங்குக்கு வந்துவிட்டது.

அம்மா அதைக் குழம்புக்கு எடுக்கப் போனது இரண்டு தடவை. இரண்டு தடவையும் பிள்ளை போட்ட கூச்சலில் வைத்துவிட்டாள். மூன்றாம் நாள் ராத்திரி பொறுக்க முடியாமல் கேட்டாள்: "அப்படி என்னதாம்ல இருக்கு அதுக்குள்ள?"

நான் பி.எஸ்சி. விலங்கியல். படித்து இருபது வருஷம் ஆயிற்று, இப்போது நடத்துவது சிமெண்ட் கடை. இருந்தாலும் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியுமா? டவுனிலிருந்து வந்த அல்வா வேறு கையில் இருந்தது.

"இதுதாம்மா தாய் செல்" என்று ஒரு கட்டியை இரண்டு கையாலும் இழுத்தேன். நெய் விரலில் வழிய, நடுவில் இடுப்பு சிறுத்து, நூலாகி, அறுந்தது. "இப்ப ரெண்டு சேய் செல்!" விலங்குச் செல் அப்படித்தான் இடுப்பு ஒடுங்கிப் பிரியும். எனக்கே பெருமையாக இருந்தது.

"தப்பு சித்தப்பா. ரெண்டும் பாதிப் பாதியால்லா இருக்கு?"

அதுவும் சரிதான். பரம்பரைக் குறிப்பைச் சுமக்கிற நூல் கட்டுக்குக் குரோமோசோம் என்று பெயர். மனுஷச் செல்லில் அது 46 என்றால் சேய் செல் ஒவ்வொன்றிலும் 46 இருக்க வேண்டும், பல்லாரி என்றால் 16. பிரிவதற்கு முன்பே எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி எடுத்து, நடுவில் வரிசையாக நிறுத்தி, கதிர் இழைகள் என்கிற மெல்லிய கயிறுகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொள்ளும். அதாவது அல்வாவை முதலில் இரண்டு மடங்காக்கிவிட்டுத்தான் பிய்க்க வேண்டும். எந்தக் கடைக்காரர் சம்மதிப்பார்?

அல்வாவை விட்டுப் பத்திரத்துக்குத் தாவினேன். "பத்திரத்த செராக்ஸ் எடுத்து ஆளுக்கு ஒண்ணு குடுக்க மாதிரிம்மா."

"செராக்ஸ வச்சு என்னல செய்ய? மூலப் பத்திரம் யாருகிட்ட இருக்கு?"

திகைத்துவிட்டேன். பிள்ளைதான் காப்பாற்றினாள். "குரோமோசோமுக்குள்ள இருக்க டிஎன்ஏதான் பத்திரம். அதுல ரெண்டு இழை இருக்கும் ஆச்சி. அது ரெண்டாப் பிரிஞ்சு, ஒவ்வொரு பழைய இழைக்கும் ஒரு புது இழை ஜோடி சேரும். அதனால ரெண்டு பேருக்கும் பாதி மூலம், பாதி நகல்."

"அதுதாம்ட்டி நியாயம்." அம்மா தலையாட்டினாள். 1958-இல் மெசல்சன், ஸ்டால் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பாக்டீரியாவை வளர்த்துக் காட்டிய நியாயம் அது. எங்கள் பத்திரத்தின் மூலம் அண்ணன் பீரோவில்தான் இருக்கிறது என்பதை நான் அங்கே சொல்லவில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா பல்லாரிக்கு இடுப்பு ஒடுங்காதும்மா. தாவரச் செல்லுல நடுவுல ஒரு சுவர் எழும்பும்" என்று சொல்லிவிட்டேன்.

யாரும் பேசவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்ததே முற்றத்து நடுச்சுவர் ஓரம்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் இருமுவது கேட்டது. எங்கள் கொத்தனார் ஓரத்தில் தொடங்கினார், செல் நடுவில் தொடங்கி ஓரங்களை நோக்கிக் கட்டிக்கொண்டு போகும். வித்தியாசம் அவ்வளவுதான். செல்லுக்குள் சிமெண்ட் பில் தகராறு கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். நான் நாலு மூட்டைக்குக் கூடப் போட்டுவிட்டேன் என்பது அண்ணனின் கட்சி.

அம்மா சுவரைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "சரி, பிரிஞ்ச பிறவு அந்தத் தாய் எந்த வீட்ல இருக்கா?"

இந்த மாதம் அவள் என் பக்கம். ஒன்றாம் தேதி அந்தப் பக்கம். நான் அல்வா டப்பாவை மூடுவதில் மும்முரமானேன்.

"தாய்னு தனியா இருக்காது ஆச்சி. அதுதான் ரெண்டு சேயா ஆயிடுது."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். "பரவால்லயே. மாசத்துக்கு ஒருக்கா பொட்டி தூக்க வேண்டாம்ல்லா அவளுக்கு."

மறுநாள் காலையில் பிள்ளை வேர் நுனியை நறுக்கிக்கொண்டு கிளம்பியதும் பல்லாரி சட்னியாயிற்று. ஒரு கிண்ணம் சுவர் தாண்டிப் போனது. சாயங்காலம் வந்து, கண் பூத்துப்போச்சு என்றாள். முக்கால்வாசிச் செல் பிரிகிற வேலையே தொடங்காமல் இருந்ததாம். தேடித் தேடி ஒன்றுதான் சிக்கியதாம்: "நடுவுல சுவர் பாதி எழும்பி நிக்கு ஆச்சி!"

"மீதிச் சுவருக்கு சிமெண்டு வேணும்னா உங்க சித்தப்பன்கிட்ட மட்டும் கேக்காதட்டி" என்றாள் அம்மா, அந்தப் பக்கமும் கேட்கிற மாதிரி.