8 சென்டிமீட்டர் எறும்புத்தின்னி

சிற்பிக்கு நான் முதலில் எழுதியது ஒரே வரி: "உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி ஓர் எறும்புத்தின்னி வேண்டும்." கூடவே இணையத்தில் பொறுக்கிய பத்துப் படங்கள். அன்று மாலையே பதில் வந்தது: "இதில் மூன்று வகை இருக்கின்றனவே, உங்களுக்கு எது வேண்டும்?"

எனக்கு அதுவரை எறும்புத்தின்னி என்றால் எறும்புத்தின்னிதான். தேடிப் பார்த்தால் மொத்தம் 8 இனங்களாம், ஆசியாவில் 4, ஆப்பிரிக்காவில் 4. மரமேறும் ஆப்பிரிக்க வகைக்கு உடலைவிட வால் நீளம், செதில்கள் சிறியவை. என் மனதில் இருந்தது இந்திய வகை. பருத்த வால், பெரிய பெரிய செதில்கள். கேட்காமலே வேலையைத் தொடங்கும் ஆளிடம் போயிருந்தால் ஒன்றின் உடம்பும் இன்னொன்றின் வாலுமாக ஏதோ வந்து சேர்ந்திருக்கும்.

படங்களை எடுத்தது யார் என்றும் கேட்டார். இன்னொருவர் எடுத்த படத்தை அச்சு அசலாகப் பார்த்துச் செய்ய மாட்டாராம். பல படங்களில் உடலமைப்பைக் கற்றுக்கொண்டு, நிற்கும் தோரணையைத் தானே வரைந்து அனுப்பினார். எனக்கு அது பிடித்திருந்தது.

அளவில்தான் கொஞ்சம் இழுபறி. நான் கேட்டது 1:24, அதாவது நிஜ விலங்கில் இருபத்துநான்கில் ஒரு பங்கு. அந்த அளவில் ஒரு செதில் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் வரும், நகங்கள் தொட்டாலே ஒடிந்துவிடும் என்றார். கடைசியில் 1:12. மூக்கிலிருந்து வால் நுனிவரை ஒரு மீட்டர் இருக்கும் விலங்கு 8 சென்டிமீட்டருக்குச் சுருங்கியது. பாதிப் பணம் முன்பணம், மீதி முடிந்த பிறகு.

கம்பியில் எலும்புக்கூடு, அதன்மேல் கசக்கிய அலுமினியத் தாள், அதற்கு மேல் பாலிமர் களிமண். செதில்களைத் தனித்தனியாக வெட்டி ஒட்டினார், வால் நுனியில் தொடங்கித் தலையை நோக்கி. இறவாரத்தில் ஆரம்பித்து மேலே ஓடு வேய்கிற அதே முறை. வரிசை வரிசையாக ஏறிய அந்தப் படங்களை அலுவலகத்தில் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் களிமண் காற்றில் இறுகாது. 130 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கினால்தான் கெட்டியாகும். "அடுப்பில் வைப்பதற்கு முன் நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள், அதுவரை எதையும் மாற்றலாம்" என்று நான்கு பக்கப் படங்களை அனுப்பினார். நான் செதில்களிலேயே மயங்கிப் போய் உடனே சரி சொல்லிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு காணொளியில் எறும்புத்தின்னி நடப்பதைப் பார்த்தேன். புற்றைத் தோண்டும் முன்கால் நகங்களை அது உள்பக்கம் மடக்கிக்கொண்டு நடக்கிறது. என்னுடையதோ பூனைபோல நகங்களை நீட்டி நின்றது. அதற்குள் சுட்டாகிவிட்டது. சிற்பியும் கவனிக்கவில்லைதான். ஆனாலும் சரி சொன்னது நான். முன்பாதங்களை வெட்டி எடுத்துவிட்டு, தானே இறுகும் எபாக்ஸியில் புதிதாகச் செய்தார். கூடுதல் பணம், இன்னும் இரண்டு வாரம். கீழ்ப்பக்கத்துப் படம் ஒன்றைக் கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

பொதிமேல் "பாலிமர் களிமண் சிற்பம், விலங்குப் பொருள் எதுவும் இல்லை" என்று எழுதி அனுப்பினார். அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான சைட்ஸின் மாநாடு, 2016-இல் எல்லா எறும்புத்தின்னி இனங்களின் பன்னாட்டு வணிகத்துக்கும் தடை விதித்தது. வெறும் "எறும்புத்தின்னி" என்று எழுதினால் யாராவது நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கலாம் அல்லவா.

பெட்டியைப் பிரித்ததும் முதலில் தலைகீழாகத் திருப்பித்தான் பார்த்தேன். நகங்கள் மடங்கியிருந்தன. வழியில் வால் ஓரத்துச் செதில் ஒன்று உடைந்திருந்தது. பஞ்சுக்கு அடியில் சின்ன உறை, அதற்குள் வண்ணம் பூசிய உதிரிச் செதில்கள் நான்கு. ஒன்றை ஒட்டிவிட்டேன். மூன்று மேசை இழுப்பறையில் இருக்கின்றன.