84 கட்டங்களில் ஒரு கரிப்பெட்டி

மாமா வீட்டு மதில் சுவரில் வரையத் தொடங்கி நேற்றோடு நாலு ஞாயிறு ஆகிறது. முக்கால்வாசி முடிந்திருக்கிறது.

இந்த ஆசையைக் கிளப்பிவிட்டது சென்னையின் கண்ணகி நகர். ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் வாழும் அந்தக் குடியிருப்பின் சுவர்களில் 2020-இல் ஸ்டார்ட் இந்தியா (St+art India) என்ற தெரு ஓவிய அமைப்பும் ஏசியன் பெயின்ட்ஸும் சேர்ந்து ஓவியங்கள் வரையவைத்தன. சென்னை ஓவியர் ஏ-கில் வரைந்த குழந்தைகளின் சிரிப்பைத் தெருமுனையில் நின்று பார்த்தால் கன்னம் உப்புவதுகூடத் தெரியும். சுவரை ஒட்டிப் போய் நின்றேன். நாலைந்து நிறத் திட்டுகள்தான் இருந்தன. இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தில் 2021-இல் கத்ரா என்ற ஓவியரோடு சேர்ந்து அவர் வரைந்த முகங்களும் அப்படியே. எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களும் மற்றவர்களும் கலந்த முகங்கள் அவை. யார் யாரென்று நம்மால் பிரிக்க முடியாது. அந்த ஓவியம் சொல்ல வந்ததும் அதைத்தான். அங்கிருந்து திரும்பும்போதே மாமாவிடம் சுவரைக் கேட்டுவிட்டேன்.

சுவர் 12 அடி நீளம், 7 அடி உயரம். அதன் ஓரத்தில்தான் பல வருடங்களாக ஒரு அக்கா இஸ்திரி வண்டி போட்டிருக்கிறார். அவர் கையையும் கரிப்பெட்டியையும் வரைய அனுமதி கேட்டேன். "மூஞ்சி வேணாம் தம்பி, கை போட்டுக்கோ" என்றார்.

முதல் ஞாயிறு முழுக்கச் சுரண்டல்தான். பழைய சுண்ணாம்பு விரலில் மாவாக ஒட்டியது. அதன்மேல் எமல்ஷன் அடித்தால் ஒரே மழையில் உரிந்துவிடும். கம்பி பிரஷ், உப்புத்தாள், தண்ணீர் அடித்துக் கழுவல், காயவிட்டு வெளிச்சுவர் பிரைமர். ஆனாலும் அடியில் ஒரு அடி உயரத்துக்கு உப்பு பூத்துக்கொண்டே இருந்தது. தரையிலிருந்து ஏறும் ஓதம் அது, மேலே எதைப் பூசினாலும் நிற்காது. வரைபடத்தை அந்த ஒரு அடிக்கு மேலே நிறுத்திக்கொண்டு, கீழே காவிப் பட்டை அடித்தேன். உரிந்தால் திரும்ப அடித்துக்கொள்ளலாம். நம் வீடுகளில் அடிச்சுவருக்குக் காவி பூசுவது இதற்காகவும்தானோ என்று அன்றைக்குத் தோன்றியது.

இரண்டாவது ஞாயிறு கட்டம். தாளில் 2 செ.மீ. என்றால் சுவரில் 1 அடி. சாக்பொடி தடவிய நூலை மாமா ஒரு முனையில் பிடிக்க, நான் இழுத்துச் சுண்டினேன். செங்குத்தாக 11, கிடையாக 6 கோடுகள்; கீழே உள்ள காவிப் பட்டையையும் சேர்த்து மொத்தம் 84 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் எந்தக் கோடு எந்த விளிம்பில் வெட்டுகிறது என்பதை மட்டும் பார்த்துப் போட்டேன். 'கை வரைகிறோம்' என்று நினைத்த இடங்களிலெல்லாம் விரல் தப்பாக வந்தது. அவற்றை அழித்துத் திரும்ப வெறும் கோடாகப் பார்த்தபோது சரியாக வந்தது.

நிறம்தான் ரொம்பப் படுத்தியது. எமல்ஷன் ஈரத்தில் வெளுப்பாகத் தெரியும், காய்ந்தால் கருக்கும். மூன்றாவது ஞாயிறு கலந்த தோல்நிறம் மாலையில் ஒரு படி இருண்டு, நரம்பெல்லாம் மறைந்துவிட்டது. இப்போது ஒவ்வொரு கலவையையும் அட்டையில் தடவி, வெயிலில் காயவைத்துப் பார்த்துத்தான் சுவரில் தொடுகிறேன். மேற்குப் பார்த்த சுவர் என்பதால் மதியத்துக்குள் முடித்துவிட வேண்டும். அதற்குமேல் சுவர் சுட்டு, பெயின்ட் ரோலரிலேயே இறுகுகிறது.

நேற்று, வேலையை விட்டுவிட்டு அக்கா எதிர்ச்சாரிக்குப் போய் நின்று பார்த்தார். நான் கண்ணகி நகரில் நின்றதுபோல. "கை என்னுதுதான். பொட்டிதான் இல்ல. முன்னாடி கொக்கி எங்க? கொக்கி இல்லன்னா மூடி தொறந்து நெருப்பு துணில கொட்டிடும்" என்றார். அந்தக் கொக்கியை நான் எடுத்த ஒரு போட்டோவிலும் காணோம், எல்லாமே பக்கவாட்டில் எடுத்தவை.

பெட்டியின் முனை இருக்கும் 4 கட்டங்களுக்கு வெள்ளை அடித்துவிட்டேன். வரும் ஞாயிறு காலை, கரி போடுவதற்கு முன்னால், பெட்டியைக் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.