பதினைந்தாம் பக்கம்

"பதினாலுக்குப் பிறகு பதினாறு வருது. பதினஞ்சு எங்க தம்பி?"

தகவல் கேட்டு விண்ணப்பித்துவிட்டு, கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த அந்த அம்மா, தகவல் அலுவலரான நான் கொடுத்த போட்டோக்கொப்பிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "அதில உங்களுக்குத் தேவையான விஷயம் ஒன்னுமில்லை அம்மா" என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். மூன்று வருஷமாகிறது.

அவர் கட்டிய சமையலறையைப் பற்றிப் பக்கத்து வீட்டிலிருந்து கையால் எழுதி வந்த முறைப்பாடுதான் அந்தப் பதினைந்தாம் பக்கம். பெயரை மறைத்துவிட்டு மிச்சத்தைக் கொடுத்திருக்கலாம். பிரித்துக் கொடுக்க முடிந்ததைக் கொடுக்கத்தான் வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஆனால் ஒரே ஒழுங்கையில் இத்தனை காலம் பழகியவரின் கையெழுத்து தெரியாமலா போகும்? பெயர் இல்லாவிட்டாலும் கண்டுபிடித்துவிடுவார். அந்தப் பயம் நியாயமானது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

பயந்தது சரி, அப்புறம் செய்ததுதான் உறுத்துகிறது. விஷயத்தை மட்டும் டைப் செய்து கொடுக்கலாமா என்று யோசித்திருக்கலாம். முறைப்பாட்டுக்காரரைக் கூப்பிட்டு அவர் கருத்தைக் கேட்டிருக்கலாம். ஒன்றும் முடியாவிட்டால், மறுக்கிறேன் என்று காரணத்தோடு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். யாரிடம், எத்தனை நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம் என்பதையும் அதில் சொல்லியிருக்க வேண்டும். அந்த அம்மா 14 நாளுக்குள், முதல் மேன்முறையீட்டைக் கேட்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் போயிருப்பார், அங்கும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. என் கடிதத்தில் இருந்தது "கோரிய ஆவணங்கள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன" என்ற ஒரே வரி. மறுத்ததாகவே எங்கும் பதிவில்லை. பிறகு அவர் எதை எதிர்த்து மேன்முறையீடு செய்வது?

முடிவு சொல்ல வேண்டிய 14 வேலை நாளில் இரண்டு நாள்தான் மிச்சம் இருந்தது. "வீண் பிரச்சினை, அந்தத் தாளை விடுங்க" என்றார் பிரதம எழுதுவினைஞர். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கையொப்பம் என்னுடையது.

"தேவையான" என்ற சொல் எப்படி என் வாயில் வந்தது? தகவல் கேட்பவர் எதற்கு என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வரும் தகவல் அலுவலர்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். அவருக்கு எது தேவை என்று தீர்மானிக்கும் வேலையை யாரும் எனக்குத் தரவில்லை. ஆனாலும் அந்த இரண்டு வீட்டுக்கும் இடையில் ஒரு சண்டையைத் தடுத்திருப்பேனோ என்றும் தோன்றுகிறது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை.

கோவை இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது, 15ஆம் பக்கத்தோடு. அவர் நாளைக்கு வந்து கேட்டால் எழுத்தில் பதில் கொடுப்பேன். தாளைக் கொடுப்பேனா என்று கேட்டால், தெரியவில்லை.