செங்டூவில் ‘வேண்டாம்’ செல்லாது

பரிமாற்ற மாணவனாக வந்து உங்கள் வீட்டில் தங்கிப் படித்த சீனப் பையன் வளர்ந்து ஆளாகி, “எங்க ஊருக்கு வந்தே ஆகணும்” என்கிறானா? ஊர் சிச்சுவான் மாகாணத்துச் செங்டூ என்று வைத்துக்கொள்வோம். பாண்டா பார்ப்பது முதல் படகுச் சவாரி வரை அவர்களே திட்டம் போட்டிருப்பார்கள். அவனுக்கு நீங்கள் போட்ட சாப்பாட்டை வட்டியோடு திருப்பிக் கொடுக்க ஒரு குடும்பமே காத்திருக்கிறது. தயாராக வேண்டியது அதற்குத்தான்.

முதல் வேலை போலீஸ் ஸ்டேஷன். ஹோட்டலில் தங்கினால் பதிவை ஹோட்டல்காரர்களே செய்துவிடுவார்கள். வீட்டில் தங்கும் வெளிநாட்டவர், வந்த 24 மணி நேரத்துக்குள் அந்த வட்டாரக் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம் இது. பாஸ்போர்ட்டும் வீட்டுக்காரரின் அடையாள அட்டையும் வேண்டும். வீட்டுப் பத்திரத்தையும் கேட்கலாம். சிக்கல் எங்கே என்றால், வந்ததும் விருந்து, விருந்துக்குப் பின் தூக்கம், விடிந்ததும் பாண்டா என்று கெடு ஓடிவிடும். விமான நிலையத்திலிருந்து போகும் வழியிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். அங்கே நீங்கள் ஜெயிக்கப்போகும் ஒரே வாக்குவாதம் அதுதான்.

வாசலில் செருப்பைக் கழற்றினால் வீட்டுச் செருப்பு தருவார்கள். பெரிய பாதக்காரர்களுக்குக் குதிகால் வெளியே தொங்கும். சொந்தமாக ஒரு ஜோடி கொண்டுபோவது நல்லது. குளிர்காலம் என்றால் ஸ்வெட்டரைக் கழற்ற அவசரப்பட வேண்டாம். குளிர்காலத்தில் அரசே வீடுகளைச் சூடாக்கும் ஏற்பாடு பெய்ஜிங் மாதிரி வடக்கு ஊர்களுக்குத்தான். செங்டூ தெற்குக் கணக்கு.

பரிசாகச் சுவர்க்கடிகாரம் வேண்டவே வேண்டாம், அவர்களுக்கு அது சாவு ஞாபகம். நான்கு நான்காகவும் கொடுக்காதீர்கள். இரண்டு கையாலும் நீட்டுங்கள். “எதுக்கு இதெல்லாம்” என்று இரண்டு மூன்று தடவை மறுப்பார்கள். நம்பிப் பைக்குள் திரும்ப வைத்துவிட்டால் கதை முடிந்தது. வாங்கியதும் பிரிக்காமல் ஓரமாக வைப்பார்கள். பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை, எதிரில் பிரிப்பது அவர்களுக்கு நாகரிகமில்லை.

இனி சாப்பாட்டு மேஜை. தட்டு காலியானால், போதவில்லை என்று அர்த்தம், உடனே நிரம்பும். கொஞ்சம் மீதி வைத்தால்தான் தப்பலாம். “வேண்டாம்” என்பதைக் கூச்சம் என்றே எடுத்துக்கொள்வார்கள், நம்ம ஊர் அத்தை மாதிரியே. மொழிபெயர்க்கும் பையனும் உதவ மாட்டான். நீங்கள் இரண்டு நிமிடம் காரணம் சொல்வீர்கள், அவன் இரண்டே சொல்லில் முடிப்பான், இன்னொரு துண்டு மீன் வந்து விழும். சாப்ஸ்டிக்கை மட்டும் சோற்றில் நட்டு வைக்காதீர்கள், அது படையல்.

சைவக்காரர்கள் “சைவம்” என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. மாப்போ தோஃபு பார்க்கப் பன்னீர் குழம்பு மாதிரி இருக்கும், உள்ளே கொத்துக்கறி. கீரையைப் பன்றிக் கொழுப்பில் வதக்கியிருக்கலாம், சிப்பி சாஸ் ஊற்றியிருக்கலாம். மேஜையிலேயே கொதிக்கும் குழம்பில் போட்டு வேகவைத்துச் சாப்பிடும் ஹாட்பாட்டில், சிவப்புக் குழம்பு பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பு; காரமில்லாத வெள்ளைப் பக்கம் எலும்புச் சாறாக இருக்கும். காளான் சாறோ தக்காளிச் சாறோ தனியாகக் கேளுங்கள். இறைச்சி, மீன், எலும்புச் சாறு, கொழுப்பு, சிப்பி சாஸ் என ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு, கிளம்பும் முன்பே அனுப்பிவிடுங்கள்.

“நாங்க காரம் தின்னு வளர்ந்தவங்க” என்ற பெருமையும் அங்கே எடுபடாது. சிச்சுவான் மிளகு காரமில்லை, மரமரப்பு. உதடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வைக்கும். பூண்டு போட்ட நல்லெண்ணெய்க் கிண்ணத்தில் தோய்த்துச் சாப்பிட்டால் வேகம் குறையும்.

பைஜியு பெரும்பாலும் 50 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள சரக்கு. மறுப்பதானால் முதல் கோப்பையிலேயே மருந்து, டாக்டர் என்று மறுத்துவிட வேண்டும். ஒன்று குடித்துவிட்டு இரண்டாவதை வேண்டாமென்றால் மாமா ஒப்புக்கொள்ள மாட்டார். டீயை உயர்த்தினாலும் போதும். உங்கள் கோப்பையின் விளிம்பு பெரியவர் கோப்பைக்குக் கீழே இருக்கட்டும்.

பில்லை மறந்துவிடுங்கள். ஆர்டர் கொடுக்கும்போதே போனில் கட்டியிருப்பார்கள், இல்லையென்றால் கை கழுவப் போன மாமா கட்டிவிட்டு வருவார். அலிபே என்ற பணம் கட்டும் செயலியில் உங்கள் வெளிநாட்டுக் கார்டை ஊரிலேயே சேர்த்துக்கொண்டால் வழியில் பழமாவது வாங்கிக் கொடுக்கலாம். 200 யுவானுக்கு மேல் ஒரே தடவையில் கட்டினால் 3 சதவீதம் கட்டணம்.

கிளம்பும்போது பெட்டியில் ஐந்து கிலோ இடம் விடுங்கள், எப்படியும் நிரம்பும். அம்மா அன்போடு கைப்பையில் செருகும் மிளகாய் எண்ணெய் 100 மில்லிக்கு மேல் இருந்தால் விமான நிலையச் சோதனையில் போய்விடும். அவர் அந்தப் பக்கம் திரும்பும்போது பெரிய பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். பன்றித் தொத்திறைச்சியைப் பல நாடுகளில் சுங்கத்தில் விட மாட்டார்கள்; அதை மறுக்கும் பொறுப்பைப் பையனிடம் கொடுங்கள்.